காகதாலீயம்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பனைமரத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அக்கணமே ஒரு பழம் வீழ்ந்தது. ‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை’ என்று நம் வீடுகளிற் சிறு பிள்ளையும் சொல்லும். வடநூலார் இதனையே காகதாலீய நியாயம் எனப் பெயரிட்டு வழங்குவர். பழம் முதிர்ந்திருந்தது, காம்பு இற்றது, வீழ்ந்தது. காக்கை தன் வழியே வந்தது. இரண்டும் ஒரு கணத்திற் கூடின, அவ்வளவே. இதனை இத்துணைத் தெளிவாக அறிந்து, பழமொழியாகவும் நியாயமாகவும் வைத்துப் போற்றிய நாமே, காக்கையிருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்துவிட்டால் அனைத்தையும் மறந்துவிடுகின்றோம். மணமாகி வந்த ஆறாம் திங்களில் மாமனார் மாண்டார். மருமகளின் நக்ஷத்திரம் மூலம். இதன்மேல் வேறு சாட்சி ஊரார் கேட்பதில்லை.

ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு பொருள்களுக்கிடையே சம்பந்தம் இருப்பதாக மனிதர் காண்பது ஏன் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம். ஜோதிடம் முழுவதையும் விசாரணைக்கு இழுக்க நாம் வரவில்லை. அது பெரிய வழக்கு. ஒரு மாலைப்பொழுதில் தீராது. தெய்வ பக்தியைக் குறித்தும் நாம் ஒன்றும் கூறப்போவதில்லை. நம் சங்கத்தில் வரன் பதிவேடு ஒன்று இருக்கின்றதன்றோ? அதனைப் புரட்டிப் பார்ப்போர் ‘மூலம் வேண்டா’, ‘ஆயில்யம் வேண்டா’ என்னும் குறிப்புகளைப் பக்கந்தோறும் காண்பர். அக்குறிப்புகளை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்வோம்.

வழக்கு இன்னதென்பதை யாவரும் அறிவோம். மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாள். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாள். கேட்டையிற் பிறந்தவள் கணவனின் மூத்த சகோதரனுக்கும், விசாகத்திற் பிறந்தவள் இளைய சகோதரனுக்கும் ஆகார். பூராடத்தில் நூலாடாது என்று கூறி, அவள் கணவனுக்கே ஆகாள் என்று முடிப்பர். நக்ஷத்திரங்கள் 27. சந்திரன் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு நாள் தங்குகின்றான். ஆகவே 27 பெண்களில் ஐவர், அதாவது நூற்றுக்குப் பதினெண்மருக்கு மேற்பட்டோர், பிறந்த அன்றே யாரோ ஒருவரின் ஆயுளுக்குப் பொறுப்பாளிகளாகின்றனர். ஆண் மக்களுக்கோ இப்பொறுப்பு இல்லை. ‘ஆண் மூலம் அரசாளும்’ என்று அவர்களுக்குச் சிம்மாசனமே காத்திருக்கின்றது. முற்காலத்தில் தரகரும் உறவினரும் வீடுவீடாகச் சென்று பேசியபொழுது பெண்ணைப் பார்த்து மனம் மாறுவோரேனும் சிலர் இருந்தனர். இந்நாளிற் கணினியின் வழியே வரன் தேடுவோர், வேண்டாத நக்ஷத்திரங்களை முதலிலேயே குறித்துவிட்டால், அப்பெண்களின் முகமோ படிப்போ குணமோ கண்ணிற் படுவதேயில்லை.

இக்கூற்று மெய்யா பொய்யா என்று எங்ஙனம் அறிவது? ‘எங்கள் தெருவில் நடந்தது, கண்ணாற் கண்டோம்’ என்பர். கண்டது பொய்யென்று நாம் சொல்லவில்லை. கண்டது போதுமா என்பதே கேள்வி.

நான்கு அறைகள் உள்ள ஒரு வீட்டை மனத்தில் அமைத்துக்கொள்வோம். மருமகள் மூலம், மாமனார் இறந்தார் என்பது முதல் அறை. மருமகள் மூலம், மாமனார் நன்றாக இருக்கின்றார் என்பது இரண்டாம் அறை. மருமகள் வேறு நக்ஷத்திரம், மாமனார் இறந்தார் என்பது மூன்றாம் அறை. வேறு நக்ஷத்திரம், மாமனாரும் சுகம் என்பது நான்காம் அறை. இனி, கணக்கின் பொருட்டு 2,700 விவாகங்கள் நடந்தன என வைத்துக்கொள்வோம். அவற்றுள் மூலத்துப் பெண்கள் ஏறத்தாழ 100 பேர். மணமகனின் தந்தையர் பெரும்பாலும் முதுமையை நெருங்கியவர். ஆதலின் மணம் முடிந்த ஐந்தாண்டுக்குள், எந்த நக்ஷத்திரமும் காரணமாகாமலே, பத்தில் ஒருவர் இறப்பதாகக் கொள்வோம். இது நாமாக எடுத்துக்கொண்ட அளவேயன்றி மெய்க்கணக்கு அன்று. அங்ஙனமாயின் முதல் அறையில் 10 பேர், இரண்டாம் அறையில் 90 பேர், மூன்றாம் அறையில் 260 பேர், நான்காம் அறையில் 2,340 பேர் இருப்பர்.

நக்ஷத்திரத்திற்கும் சாவுக்கும் அணுவளவும் தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டுதான் இக்கணக்கைப் போட்டோம். அவ்வாறிருந்தும் முதல் அறையிற் பத்துப் பேர் நிற்கின்றனர்! பத்துத் துக்க வீடுகள். பத்துத் தெருக்களின் பேச்சு. பத்துப் பெண்களும் இழவு வீட்டின் மூலையில் தலைகுனிந்து அமர்ந்திருப்பர். ஊர் அந்த ஓர் அறையின் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் ‘தெரிந்ததா?’ என்று கேட்டுத் திரும்பிவிடுகின்றது. மூன்றாம் அறையில் 260 மாமனார்கள் மாண்டு கிடக்கின்றனரே, அவர்களை நினைப்பார் யார்? அவர்களுக்கு வயது, நெஞ்சுவலி, நீரிழிவு என்று தக்க காரணங்கள் சொல்லப்பட்டுவிட்டன. இரண்டாம் அறையின் 90 பேரோ நாள்தோறும் திண்ணையில் அமர்ந்து பத்திரிகை படிக்கின்றனர். உயிரோடிருக்கும் மாமனாரைச் சுட்டி, ‘இவர் மருமகள் மூலமாயிற்றே, இன்னும் இருக்கின்றாரே’ என்று கூறும் வழக்கம் எவ்வூரிலும் இல்லை. நிகழ்ந்தது செய்தியாகின்றது, நிகழாதது எக்காலத்தும் செய்தியாவதில்லை. மூன்று மருமகள்களுள்ள வீட்டில் மாமனார் இறந்தாலும், மற்ற இருவரின் நக்ஷத்திரத்தை யாரும் கேட்பதில்லை என்பதனையும் இவ்விடத்திற் சேர்த்துக்கொள்க.

இது படியாதவரின் பிழையென்று நம்முள் படித்தோர் எண்ணிவிடலாகாது. நார்வே தேசத்து மனோதத்துவ அறிஞரான ஸ்மெட்ஸ்லுண்ட் என்பார் 1963-இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று உண்டு. நோயாளி ஒருவருக்கு ஒன்றாக 100 சீட்டுகளை அவர் மருத்துவத் தாதியரிடம் கொடுத்து, இன்ன குறிக்கும் இன்ன நோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆராயச் சொன்னார். குறியும் நோயும் உடையார் 37. குறி இருந்து நோய் இல்லார் 33. குறியின்றி நோயுடையார் 17. இரண்டும் இல்லார் 13. குறி உள்ள எழுபதின்மரில் 37 பேருக்கு நோய். குறி இல்லாத முப்பதின்மரில் 17 பேருக்கு நோய். வகுத்துப் பார்ப்பின் முன்னது நூற்றுக்கு 53, பின்னது 57. தொடர்பே இல்லையென்று சொல்லலாம். தாதியரிற் பெரும்பாலோர் தொடர்பு உண்டென்றே உரைத்தனர். காரணம் கேட்டபொழுது அந்த 37 சீட்டுகளையே எடுத்துக் காட்டினர். நாள்தோறும் நோயாளிகளோடு பழகியவர், அளவு கடந்து சிந்திக்கத் தெரிந்தவர், அவரும் முதல் அறையிலேயே நின்றுவிட்டனர்.

முதல் அறை மட்டும் நம் கண்ணை ஏன் இவ்வாறு கவர்கின்றது? இரண்டு சொற்கள் மனத்தில் முன்னமே பிணைந்து கிடந்தால், அவ்விரண்டையும் உலகத்திலும் பிணைந்தனவாகவே காண்கிறோம் என்பது ஒரு விடை. அமெரிக்க நாட்டில் லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் என்னும் தம்பதியர் 1967-இல் இதனை ஆராய்ந்தனர். அக்காலத்து மனநோய் ஆராய்வோர், நோயாளியை ஒரு மனித உருவம் வரையச் சொல்லி, அதிலிருந்து அவர் குணத்தை அறியும் முறையைக் கையாண்டு வந்தனர். சந்தேக குணமுடையார் கண்களை விகாரமாக வரைவர், தம் அறிவைப் பற்றிக் கவலையுடையார் தலையைப் பெரிதாக வரைவர் என்பன அவர்கள் அனுபவத்திற் கண்ட முடிபுகள். சாப்மன் தம்பதியர் உருவப் படங்களையும் குணக் குறிப்புகளையும் எவ்வித தொடர்பும் நேராதவாறு கலந்து, இத்தொழிலை அறியாத கல்லூரி மாணவர்க்குக் காட்டினர். மாணவர் என்ன கண்டனர்? சந்தேகிகள் கண்களை விகாரமாக வரைந்துள்ளனர் என்றும், அறிவுக் கவலையுடையார் பெருந்தலை வரைந்துள்ளனர் என்றும் கண்டனர்! படங்களில் இல்லாத தொடர்பை அவர்கள் எங்கிருந்து எடுத்தனர்? கண்ணுக்கும் சந்தேகத்துக்கும், தலைக்கும் அறிவுக்கும் பேச்சு வழக்கிலேயே உறவு இருக்கின்றதன்றோ? அவ்வுறவைப் படத்தின் மீது ஏற்றிப் படித்தனர். நெடுநாள் அனுபவம் என்று வைத்தியர் பெருமிதத்தோடு கூறியதும், ஒரு மணி நேரத்தில் மாணவர் கற்பனை செய்ததும் ஒன்றாயின.

இவ்விடத்தில் நம் பழமொழிகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். பரணி தரணி ஆளும், மகம் ஜகம் ஆளும், அவிட்டம் தவிட்டுப் பானையிலும் தனம், கேட்டை கோட்டை ஆளும், பூராடம் நூலாடாது, மூலம் நிர்மூலம். இவற்றுள் ஆராய்ச்சி எது? எதுகையன்றோ எங்கும் ஒலிக்கின்றது! தரணியை ஆளும் யோகம் பரணிக்குக் கிட்டியது வானத்திலா, யாப்பிலா? அனுஷத்துக்கு ஏற்ற எதுகை வாய்க்காமையால் அப்பெண்கள் தப்பினர் போலும். ஓசையின்பம் உண்மையின் வேஷம் பூண்டு வரும் என்பதற்கும் பரிசோதனை உண்டு. மெக்லோன் என்பாரும் உடன் ஆராய்ந்தவரும் 2000-ஆம் ஆண்டிற் காட்டியது யாதெனில், கேட்டறியாத ஆங்கில முதுமொழிகளை எதுகை அமைந்த வடிவிலும், அதே பொருளை எதுகையின்றிச் சொன்ன வடிவிலும் கொடுத்தபொழுது, எதுகை அமைந்ததனையே மக்கள் மிக உண்மையானதென்று மதித்தனர்.

எதுகை ஒன்றே மூலத்து அச்சத்தைப் படைத்தது என்று நாம் கூறவில்லை. வடநாட்டாரும் மூலத்தை அஞ்சுகின்றனர். அந்நக்ஷத்திரத்திற்கு அழிவின் தேவதையான நிருதியை அதிதேவதையாக நூல்கள் கூறுகின்றன. கேட்டையின் வடமொழிப் பெயர் ஜ்யேஷ்டா. அச்சொல்லின் பொருள் ‘மூத்தவள்’ என்பது. கேட்டைப் பெண் எவருக்கு ஆகாள்? மூத்த மைத்துனருக்கு! கண்ணுக்கும் சந்தேகத்துக்கும் மாணவர் முடிச்சுப் போட்டதனையும், மூத்தவள் என்னும் சொல்லுக்கும் மூத்தவன் சாவுக்கும் நம் முன்னோர் முடிச்சுப் போட்டதனையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பாருங்கள். சிலர், ‘பெண் மூலம்’ என்பது பிழைப்பாடம், ‘ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்’ என்பதே மெய்ப்பாடம் என்று பரிந்து பேசுகின்றனர். அவர் நோக்கம் நன்றே. ஆயினும் பாடம் எதுவாயினும் மாமனாரின் ஆயுள் அதனாற் கூடவோ குறையவோ போவதில்லை.

மற்றொரு விடையும் உண்டு. அது நம் போன்ற சமூகத்தார் காது கொடுத்துக் கேட்கத் தக்கது. ஹாமில்டன், கிஃபர்ட் என்னும் இருவர் 1976-இல், பெயரற்ற இரண்டு கூட்டத்தாரைப் பற்றிய 39 வாக்கியங்களைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தனர். பெரிய கூட்டத்தாரைப் பற்றி 26: நற்செயல் 18, தீச்செயல் 8. சிறிய கூட்டத்தாரைப் பற்றி 13: நற்செயல் 9, தீச்செயல் 4. இரு கூட்டத்திலும் நன்மைக்கும் தீமைக்கும் உள்ள விகிதம் ஒன்றே, ஒன்பதுக்கு நான்கு. எனினும் படித்தவர் சிறிய கூட்டத்தாரையே தீயோர் என மதித்தனர். தீச்செயல்களை மெய்யளவினும் மிகுதியாக அவர்மீது ஏற்றினர். காரணம் யாதெனின், சிறு கூட்டமும் அரிது, தீச்செயலும் அரிது; அரிய இரண்டு ஒருங்கு சேர்ந்தால் மனத்தில் ஆணியடித்தாற்போல் நிற்கும். ஊரில் எண்ணிக்கை குறைந்த வகுப்பாரில் ஒருவன் கடனை ஏமாற்றினால் ‘அவர்கள் எல்லாரும் அப்படித்தான்’ என்பதும், பெரிய வகுப்பாரில் பத்துப் பேர் அதனையே செய்தால் அவரவர் பெயரோடு அது நின்றுவிடுவதும் இதனாலேயே. நம்மவர் சிறுபான்மையாய்க் குடியேறிய ஊர்களில் நம்மைப் பற்றி வழங்கும் வசைமொழிகளைக் கேட்டு நாம் மனம் புழுங்குகின்றோம். நம்மினும் சிறிய வகுப்பாரைப் பற்றி நம் வீட்டுக் கூடங்களில் வழங்கும் மொழிகள் எத்தகையன என்பதை அவரவரே அறிவர். மூலத்துப் பெண்ணும் இருபத்தேழில் ஒருத்தியாகிய சிறு கூட்டத்தாளே. மணவீட்டிற் சாவு என்பதும் அரிய நிகழ்ச்சியே.

‘ஓராண்டில் ஒரே வீட்டில் மூன்று சாவு, இதற்குக் காரணம் இல்லாமலா இருக்கும்?’ என்று கேட்போர் உளர். எதேச்சையாய் நிகழ்வன சமமாகப் பரவியிருக்கும் என்று நம் மனம் எதிர்பார்க்கின்றது. அவை அவ்வாறு பரவுவதில்லை. 1944-இல் ஜெர்மானியர் பறக்கும் குண்டுகளை லண்டன் மீது ஏவியபொழுது, சில பகுதிகளில் மட்டும் அவை குவிந்து விழுவதாக ஜனங்கள் நம்பினர். கிளார்க் என்னும் ஆயுள்காப்புக் கணக்கர் 1946-இல் தென் லண்டனின் 144 சதுர கிலோமீட்டரை 576 சம கட்டங்களாகப் பகுத்து எண்ணினார். விழுந்தவை 537 குண்டுகள். 229 கட்டங்களில் ஒன்றும் விழவில்லை, 211-இல் ஒன்று, 93-இல் இரண்டு, 35-இல் மூன்று, 7-இல் நான்கு, ஒரு கட்டத்தில் அதற்கும் மேல். குறியின்றிச் சிதறினால் எவ்வாறு அமையுமென்று கணித சாஸ்திரம் முன்கூட்டிச் சொல்லும் எண்களோடு இவை வியக்கத்தக்கவாறு ஒத்தன. நான்கு குண்டு விழுந்த தெருவார் தம்மைக் குறிவைத்தே எறிந்தனர் என்று எண்ணியிருப்பர். அவர்களை நாம் குறைகூற இயலாது.

மாரிக்காலத்தில் மூட்டுவலி மிகும் என்பதனையும் இங்குச் சொல்லிவிட்டுப் போகலாம். ரெடல்மெயர், ட்வெர்ஸ்கி என்னும் இருவர் 1996-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 18 மூட்டுவாத நோயாளிகளின் வலியை 15 மாதம் குறித்து வந்து வானிலைக் குறிப்போடு ஒப்பிட்டனர், தொடர்பு காணப்படவில்லை. நோயாளிகளோ தொடர்பு உண்டென்றே உறுதியாக நம்பியிருந்தனர். வலித்த மழைநாள் நினைவில் நின்றது. வலியாத மழைநாள் நழுவிற்று.

தொடர்பைத் தேடும் இந்த இயல்பு தீயதன்று. எந்த மேகம் மழை தரும், எந்தக் காய் நஞ்சு என்று இவ்வியல்பாலன்றோ நம் முன்னோர் அறிந்தனர்? பழுதையைப் பாம்பென்று அஞ்சி விலகினால் ஒரு முழ தூரம் சுற்றிச் செல்வதன்றி நஷ்டமில்லை; பாம்பைப் பழுதையென்று மிதித்தால் உயிர் போம். ஆகவே அஞ்சி விலகும் மனமே பிழைத்து வந்தது. மணப்பேச்சிலும் பிள்ளையின் தகப்பனார் இவ்வாறே கணக்குப் பார்க்கின்றார்: ‘பெண்ணுக்கா பஞ்சம்? வீண் சங்கடம் எதற்கு?’ அவருக்கு ஒரு காசும் செலவில்லை. செலவு முழுவதும் மற்றொரு வீட்டிற் போய் விடிகின்றது. இருபத்து மூன்றில் வந்த ஜாதகம் முப்பதிலும் திரும்பி வருகின்றது. தங்கைக்கு வரன் கூடியும் தமக்கை நிற்கின்றாள். தந்தை, மாமனார் இல்லாத வரனாகத் தேடி அலைகின்றார். ஆம், ‘மாமனார் இல்லாத இடமாயிருந்தாற் சொல்லுங்கள்’ என்று கேட்கும் நிலைக்கு ஒரு தகப்பனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றோம்.

இதில் மற்றொரு சூழ்ச்சி மறைந்திருக்கின்றது. எல்லோரும் மூலத்துப் பெண்ணை விலக்கிவிட்டால் இரண்டாம் அறை காலியாகிவிடும். மருமகள் மூலமாயிருந்தும் நூறாண்டு வாழ்ந்த மாமனாரைக் காட்டுக என்றால், காட்ட ஆள் இருக்கமாட்டார். விலக்குவதே விலக்கலுக்குச் சான்றாகி நிற்கும்! துணிந்து கொண்டோர் வீட்டிலும், மாமனாருக்குத் தும்மல் வந்தாலும் மருமகளை நோக்கிப் பார்வை திரும்பும். இனி, பலர் என்ன செய்கின்றனர் என்பது இச்சபையில் தெரியாததன்று. பிறந்த நேரத்தை முன்பின் தள்ளி வேறு ஜாதகம் எழுதுவிக்கின்றனர். மூலத்தினின்று பூராடத்துக்குத் தப்பினால் அங்கு நூலாடாதாம். ஆகவே உத்திராடம் வரையில் ஓடவேண்டியிருக்கின்றது. அவ்வாறு உத்திராடம் என்று எழுதப்பெற்ற மூலத்து மருமகள் கையால் நாள்தோறும் காபி வாங்கிக் குடித்துத் திடகாத்திரமாய் விளங்கும் மாமனார்கள் இக்கூட்டத்திலும் சிலர் இருக்கலாம். அவர்களைக் கண்டுபிடிக்க நமக்கு வழியில்லை, ஆசையும் இல்லை.

ஆனால் நம் சங்கம் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. கணக்கெடுத்தல். வழிவழியாகப் பேசி வருகின்றோம், எண்ணிப் பார்த்தோமா? கடந்த 25 ஆண்டுகளில் நம் குடும்பங்களில் நடந்த ஒவ்வொரு விவாகத்துக்கும் மூன்றே செய்திகள் வேண்டும்: மணமகளின் நக்ஷத்திரம், மணநாளில் மாமனார், மாமியாரின் வயது, ஐந்தாண்டு நிறைந்தபொழுது அவர்கள் இருந்தனரா இல்லையா என்பது. பெயரோ ஊரோ எழுத வேண்டா. மருமகள் மெய் நக்ஷத்திரம் வேறாயின் அதனையே எழுதலாம், கையெழுத்தும் கேட்கப்படாது. சாவு நேர்ந்த வீட்டார் மட்டுமே அனுப்பினால் மீண்டும் முதல் அறையே நிறையும். ஆகையால் ஒன்றும் நிகழாத வீட்டாரும் தவறாது அனுப்புதல் வேண்டும். எண்ணிக்கை சிறிதாயின் அதனைக் கொண்டு எதனையும் முடிவு கட்ட இயலாது என்பதையும் இப்பொழுதே சொல்லிவைக்கின்றோம்; சில நூறு விவாகங்களுள் மூலத்துப் பெண்கள் பத்துப் பன்னிருவரே தேறுவர். ஆதலின் மற்ற ஊர்க் கிளைச் சங்கத்தாரும் இதில் ஈடுபடுமாறு நிர்வாகிகள் கடிதம் எழுதவேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம்.

கணக்கு முடியும் வரையில் வரன் பதிவேட்டில் நக்ஷத்திரத்தை முதற்பக்கத்தினின்று எடுத்து, கேட்போர்க்கு மட்டும் சொல்லும் முறையாக மாற்றலாம் என்பது நம் அபிப்பிராயம். பிள்ளை வீட்டார் முதலிற் பெண்ணின் பெயர், படிப்பு, தொழில், குடும்பம் இவற்றைப் பார்க்கட்டும். இதனைச் செயற்குழு ஆலோசித்து முடிவு செய்க. படிவங்கள் வாயிலண்டை மேசைமேல் வைக்கப்பட்டிருக்கின்றன. வீட்டுக்கு இரண்டாக எடுத்துச் செல்லலாம். பூர்த்தி செய்தவற்றைத் தை மாதத்துக்குள் சங்க அலுவலகத்தில் உள்ள பெட்டியில் இட்டுவிடுமாறு வேண்டுகின்றோம்.